வீட்டில் கார் சார்ஜர்: 58,000 ரூபாய் கொட்டேஷனா, 13,400 ரூபாய் பாயின்ட்டா?

போன வீடியோவில் எலெக்ட்ரிக் கார் லோன் பத்திப் பேசினோம். அதுக்கு வந்த கேள்விகளில் பாதி ஒரே கேள்விதான்: "கார் ஓகே, வீட்டில சார்ஜர் போட எவ்வளவு ஆகும்? 7.2 கிலோவாட் வாங்கியே ஆகணுமா?"

இதை நான் புத்தகத்துல படிச்சுச் சொல்லல. எங்க ஊர் செய்யூர். செங்கல்பட்டு பக்கம் வேலை. போக வர தினமும் கிட்டத்தட்ட 100 கிலோமீட்டர். கார் புக் பண்ணின வாரமே எனக்கு 58,000 ரூபாய்க்கு ஒரு கொட்டேஷன் வந்துச்சு. கடைசியில நான் செலவு பண்ணினது 13,400 ரூபாய். நடுவுல ஒரு தப்பும் பண்ணினேன், அதையும் மறைக்காம சொல்றேன்.

முதல் பாடம்: சார்ஜர் சுவத்துல இல்ல, காருக்குள்ள இருக்கு

நம்ம வீட்டுக்கு வர்றது ஏ.சி. கரன்ட். பேட்டரிக்குப் போக வேண்டியது டி.சி. இந்த மாத்துற வேலையைச் செய்யற கருவி காருக்குள்ளயே இருக்கு. அதுக்குப் பேர் ஆன்போர்டு சார்ஜர். நாம சுவத்துல மாட்டுற பெட்டி ஒரு புத்திசாலி சுவிட்ச் மாதிரி. எர்த் சரியா இருக்கா, கேபிள் ஒழுங்கா மாட்டியிருக்கா, எவ்வளவு ஆம்பியர் இழுக்கலாம்னு காரோட பேசிட்டு, கரன்டைத் திறந்து விடும். அவ்வளவுதான். (நெடுஞ்சாலையில இருக்கிற டி.சி. ஃபாஸ்ட் சார்ஜர் வேற கதை. அது இந்த ஆன்போர்டு சார்ஜரைத் தாண்டி நேரா பேட்டரிக்குக் கொடுக்கும்.)

இதுல இருந்து என்ன புரியணும்? காருக்குள்ள இருக்கிறது 3.3 கிலோவாட்னா, சுவத்துல 7.2 மாட்டினாலும் 11 மாட்டினாலும் கார் இழுக்கப் போறது 3.3 தான். ஒரே மாடல் காரிலேயே இது வேரியன்ட்டுக்கு வேரியன்ட் மாறும். டாடா டியாகோ இ.வி. 3.3, 7.2 ரெண்டு விதமாவும் வந்திருக்கு.

நான் எடுத்த வேரியன்ட்டில் இருந்தது 3.3. எனக்கு வந்த கொட்டேஷன் 7.2-க்கு. கொட்டேஷன் கொடுத்தவர் என் கார் எந்த வேரியன்ட்னு கேக்கவே இல்ல. நானும் கேள்வி கேக்காம அட்வான்ஸ் கொடுத்திருந்தா, ஒரு நிமிஷம்கூட வேகம் கூடாத ஒரு பெட்டிக்கு 58,000 போயிருக்கும்.

அதனால முதல் வேலை: புக்கிங் பேப்பர்ல உங்க வேரியன்ட்டோட ஆன்போர்டு சார்ஜர் எத்தனை கிலோவாட்னு பாருங்க. இல்லன்னா ஷோரூம்ல எழுதி வாங்குங்க.

இரண்டாம் பாடம்: ராத்திரிக்கு எத்தனை யூனிட் வேணும்?

"ஃபுல் சார்ஜ் ஆக எத்தனை மணி நேரம்?" இதுதான் எல்லாரும் கேக்கற கேள்வி. ஆனா தினமும் யாரும் ஜீரோல இருந்து நூறுக்குப் போறதில்ல. கேக்க வேண்டியது இது: "இன்னைக்கு ஓட்டினதை ராத்திரிக்குள்ள திருப்பி நிரப்ப முடியுமா?"

என் கணக்கு இப்படி. மீட்டர்ல இருந்து எடுக்கிற ஒரு யூனிட்டுக்கு சுமார் 7 கிலோமீட்டர் ஓடுது. சார்ஜிங்ல வீணாகிறதும் இதுல அடக்கம்.

- தினம் 100 கிலோமீட்டர் = 14 முதல் 15 யூனிட்
- 15 ஆம்ப் பாயின்ட்டில் கார் இழுக்கிறது சுமார் 3 கிலோவாட்
- 15 யூனிட் ÷ 3 = 5 மணி நேரம்

ராத்திரி 8 மணிக்கு வீடு, காலையில 6:30-க்குக் கிளம்பணும். பத்தரை மணி நேரம் கார் சும்மா நிக்குது. தேவை 5 மணி நேரம். தினம் 100 கிலோமீட்டர் ஓட்டுற எனக்கே பாதி ராத்திரி மிச்சம். மதுராந்தகத்துக்கோ கல்பாக்கத்துக்கோ போய் வர்றவருக்கு இன்னும் குறைவாத்தான் ஆகும். இந்தக் கணக்கை உங்க தூரத்தைப் போட்டு ஒரு பேப்பர்ல பண்ணிப் பாருங்க. சம்பளக்காரங்க பலருக்கும் விடை இதேதான் வரும்: 15 ஆம்ப் பாயின்ட் போதும்.

7.2 கிலோவாட் யாருக்கு உண்மையிலேயே வேணும்? ஒரே வீட்டில ரெண்டு எலெக்ட்ரிக் கார் இருக்கிறவங்க, ஒரு நாளைக்கு 200 கிலோமீட்டருக்கு மேல ஓட்டுறவங்க, பெரிய பேட்டரி கார் வச்சு ஷிஃப்ட் வேலையில நாலு மணி நேரம் மட்டும் வீட்டில நிறுத்துறவங்க. இவங்களுக்கு அது சொகுசு இல்ல, தேவை. ஆனா 7.2 கிலோவாட்னா 30 ஆம்பியருக்கு மேல. சிங்கிள் ஃபேஸ் வீட்டில அது தாங்காது. த்ரீ ஃபேஸுக்கு மாறணும், அந்தச் செலவு சார்ஜர் விலையில வராது.

மூணாம் பாடம்: நான் பண்ணின தப்பு

"15 ஆம்ப் போதும்"னு முடிவு பண்ணின சந்தோஷத்துல, வாசல்ல தண்ணி மோட்டாருக்குப் போட்டிருந்த பழைய 15 ஆம்ப் சாக்கெட்லயே காரைச் சொருகிட்டேன். செலவு பூஜ்யம். ரெண்டு வாரம் நல்லா ஓடுச்சு.

மூணாவது வாரம் ஒரு ராத்திரி அம்மாதான் எழுப்பினாங்க. "டேய், ரப்பர் கருகற வாசனை வருதுடா, போய்ப் பாரு." போய்ப் பார்த்தா, பிளக்கோட பின் பழுப்பாயிருந்துச்சு, சாக்கெட்டோட ஓட்டை உருகி வளைஞ்சிருந்துச்சு. அன்னைக்கு அம்மா முழிக்கலன்னா என்ன ஆகியிருக்கும்னு நினைக்கவே பயமா இருக்கு.

காரணம் எளிமையானது. மோட்டார் ஓடுறது அரை மணி நேரம். கார் இழுக்கிறது 13 ஆம்பியர், அதுவும் இடைவிடாம 5 மணி நேரம். பழைய சாக்கெட்ல உள்ள பித்தளைப் பிடி தளர்ந்திருந்தா, அந்த இடத்துல கொஞ்சம் ரெசிஸ்டன்ஸ் வரும். 0.2 ஓம்னு வச்சுக்கோங்க. 13 × 13 × 0.2 = சுமார் 34 வாட் சூடு, ஒரே புள்ளியில. ரேடியோ ரிப்பேர் கடைக்காரர் ஈயம் உருக்கப் பயன்படுத்துற சால்டரிங் அயர்னே 25 வாட்தான். அதைவிடச் சூடான ஒண்ணை பிளாஸ்டிக் சாக்கெட்டுக்குள்ள வச்சு, ராத்திரி பூரா தூங்கிட்டு இருந்திருக்கேன்.

வேகத்துக்குச் செலவு பண்ண வேணாம்னு சொன்னேன். பாதுகாப்புக்குச் செலவு பண்ணித்தான் ஆகணும்.

நாலாம் பாடம்: 13,400 ரூபாய் எங்க போச்சு?

மறுநாளே லைசென்ஸ் உள்ள எலெக்ட்ரீஷியன் ஒருத்தரைக் கூப்பிட்டு காருக்குன்னு தனி பாயின்ட் போட்டேன். கணக்கு:

- மெயின் போர்டுல இருந்து போர்ட்டிகோ வரைக்கும் 18 மீட்டர், 4 ஸ்கொயர் எம்.எம். காப்பர் ஒயர், பைப்போட: 5,900
- 20 ஆம்ப் ஆர்.சி.பி.ஓ., பெட்டியோட: 2,900
- நல்ல கம்பெனி 16 ஆம்ப் சாக்கெட், மூடி வச்ச பெட்டியில: 600
- தனி எர்த் குழி: 2,500
- கூலி: 1,500

மொத்தம் 13,400. உங்க வீட்டில தூரம் கூடினா ஒயர் செலவு கூடும். மத்தது பெரிசா மாறாது. ஒவ்வொண்ணும் எதுக்குன்னு பார்ப்போம்.

*தனி லைன்.* மெயின் போர்டுல இருந்து சாக்கெட் வரைக்கும் நடுவுல வேற எதுவும் சேரக்கூடாது. மோட்டார், கீசர், வாஷிங் மெஷின் எதோடயும் பங்கு கூடாது. முக்கியமா, இன்வெர்ட்டர் லைன்ல கொடுத்துடாதீங்க. கரன்ட் போன உடனே கார் இழுக்க ஆரம்பிச்சா, இன்வெர்ட்டர் தாங்காது.

*ஆர்.சி.பி.ஓ.* சாதாரண எம்.சி.பி. ஓவர்லோடுக்கும் ஷார்ட்டுக்கும்தான் விழும். ஆள் மேல ஷாக் அடிச்சா அது பார்த்துக்கிட்டு இருக்கும். ஆர்.சி.பி.ஓ. 30 மில்லி ஆம்பியர் கசிஞ்சாலே கட் பண்ணிடும். மழையில நனைஞ்ச கையோட பிளக்கைத் தொடுற நாள் எல்லார் வீட்டிலயும் வரும். கடையில "டைப் ஏ, 30 மில்லி ஆம்ப்"னு கேட்டு வாங்குங்க.

*சாக்கெட்.* காரோட வர்ற கேபிளோட பிளக்கை வெட்டி வேற பிளக் மாட்டாதீங்க, வாரன்ட்டி போயிடும். மல்டி பிளக், எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் கூடவே கூடாது. முதல் வாரம் சார்ஜ் ஆகி ரெண்டு மணி நேரம் கழிச்சு, சாக்கெட் பெட்டி மேல வெளிப்பக்கமா கையை வச்சுப் பாருங்க. இளஞ்சூடு பரவாயில்ல. கை வைக்க முடியலன்னா உடனே நிறுத்திட்டு ஆளைக் கூப்பிடுங்க.

*எர்த்.* நம்ம கடற்கரைப் பக்கத்துக்கு இதுதான் பெரிய விஷயம். செய்யூர், சூணாம்பேடு, கடப்பாக்கம் பக்கம் பல இடத்துல மணல் பாங்கான மண். சித்திரை வெயில்ல மேல்மண் காய்ஞ்சுட்டா எர்த் சரியா பிடிக்காது. எர்த் சரியில்லன்னா பல கார்கள் சார்ஜே எடுக்காது, கார் மேல தப்பு இருக்கிற மாதிரி ஒரு சிவப்பு லைட் மட்டும் எரியும். சர்வீஸ் சென்டருக்கு அலையறதுக்கு முன்னாடி எர்த்தைப் பாருங்க. நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவுல மீட்டர் வச்சா ரெண்டு, மூணு வோல்ட்டுக்குள்ள இருக்கறது நல்லது. உப்புக் காத்துல கிளாம்ப்பும் போல்ட்டும் சீக்கிரம் துரு பிடிக்கும். வருஷத்துக்கு ஒரு தடவை, ஐப்பசி மழைக்கு முன்னாடி, குழியைத் திறந்து பார்த்து இறுக்கச் சொல்லுங்க.

*உயரம்.* 2022 டிசம்பர் 9 ராத்திரி மாண்டஸ் புயல் மாமல்லபுரம் பக்கம் கரையைக் கடந்தது நம்ம எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். உங்க தெருவுல அதிகபட்சம் எவ்வளவு தண்ணி ஏறியிருக்குன்னு பெரியவங்ககிட்ட கேட்டு, அதுக்கு மேல ஒரு ரெண்டடி விட்டு சாக்கெட் வைங்க. புயல் எச்சரிக்கை வந்தா முதல் நாளே ஃபுல் சார்ஜ் போட்டுடுங்க, ஏன்னா காத்து வீசும்போது வாரியமே பாதுகாப்புக்காக லைனை நிறுத்திடுவாங்க. அப்புறம் பிளக்கைக் கழட்டி, பிரேக்கரை இறக்கி வைங்க.

நீங்க சுவர் சார்ஜரே வாங்கறதா இருந்தா, ஐ.எஸ். 17017 தரச் சான்று இருக்கான்னு பாருங்க. வெளியில மாட்டறதுக்கு ஐ.பி. 65 மாதிரி தண்ணி, தூசி தாங்குற ரேட்டிங் கேளுங்க. ஜி.எஸ்.டி. பில்லும் கேட்டு வாங்குங்க. 2019 ஆகஸ்ட் 1-ல இருந்து இ.வி. சார்ஜருக்கு ஜி.எஸ்.டி. 5 சதவீதம்தான். பில்லில் சார்ஜருக்கு 18 சதவீதம் போட்டிருந்தா ஏன்னு கேளுங்க. ஒயர், ஸ்விட்ச் எல்லாம் வேற ரேட், அதைக் குழப்பிக்காதீங்க.

ஐந்தாம் பாடம்: இ.பி. பில்லோட உண்மையான கணக்கு

வீட்டு இணைப்புல கார் சார்ஜ் போடலாமான்னு சிலருக்குச் சந்தேகம். தாராளமா போடலாம். மத்திய மின்துறை 2022 ஜனவரியில வெளியிட்ட வழிகாட்டுதல்லயே, ஏற்கெனவே இருக்கிற வீட்டு இணைப்புல சொந்த வண்டியைச் சார்ஜ் பண்ணிக்கலாம்னு இருக்கு. காசு வாங்கி அடுத்தவங்க வண்டிக்குப் போட்டாத்தான் பிரச்சினை. ஆனா உங்க அனுமதிக்கப்பட்ட லோடு எவ்வளவுன்னு பாருங்க. ஏ.சி., கீசர், மோட்டாரோட 3 கிலோவாட் காரும் சேரும்போது அது தாண்டிடும்னா, கூடுதல் லோடுக்கு ஆன்லைன்ல விண்ணப்பம் போட்டுடுங்க.

இப்போ பில். "முதல் 100 யூனிட் ஃப்ரீ, அப்புறம் 2.35, கிலோமீட்டருக்கு 50 பைசாகூட ஆகாது"ன்னு சொல்ற கணக்கை நம்பாதீங்க. அந்த ஃப்ரீ யூனிட்டும் குறைஞ்ச ரேட்டும் உங்க ஃபேனும் ஃபிரிட்ஜும் ஏற்கெனவே தின்னுடுச்சு. கார் எடுக்கிறது எப்பவும் மேல் ஸ்லாப்ல இருந்துதான். அதனால முழு பில்லை யூனிட்டால வகுக்காதீங்க. காருக்கு முன்னாடி பில் எவ்வளவு, அப்புறம் எவ்வளவு, அந்த வித்தியாசத்தைப் பாருங்க.

2024 ஜூலை உயர்வுக்கு அப்புறம் வீட்டுக்காரங்க கட்டுற ரேட்டுல ரெண்டு உதாரணம் போடுறேன். ரெண்டு வீட்டிலயும் காருக்கு முன்னாடி ரெண்டு மாசத்துக்கு 300 யூனிட், பில் 705 ரூபாய்.

உதாரணம் 1: தினம் 30 கிலோமீட்டர், மாசம் 22 நாள். ரெண்டு மாசத்துக்கு 1,320 கிலோமீட்டர், சுமார் 190 யூனிட். மொத்தம் 490 யூனிட், பில் 1,742. காருக்கான செலவு 1,037. அதாவது யூனிட் 5.46 ரூபாய்.

உதாரணம் 2: தினம் 100 கிலோமீட்டர், என் கேஸ். ரெண்டு மாசத்துக்கு 4,400 கிலோமீட்டர், சுமார் 630 யூனிட். மொத்தம் 930 யூனிட், பில் 6,135. காருக்கான செலவு 5,430. யூனிட் 8.62 ரூபாய், கிலோமீட்டருக்கு 1.23.

ஒரே ரேட் கார்டு, ஆனா ஒருத்தருக்கு 5.46, இன்னொருத்தருக்கு 8.62. ஸ்லாப்னா இதுதான்.

உதாரணம் 1-ல இருக்கிறவங்க ஒரு இடத்துல உஷாரா இருக்கணும். 500 யூனிட்டுக்கு பில் 1,805. 501 ஆனா 2,048. ஒரே ஒரு யூனிட்டுக்கு 243 ரூபாய். ஏன்னா 500-ஐத் தாண்டின உடனே 101 முதல் 200 வரைக்கும் கிடைச்ச 2.35 ரேட் போய், அதுவும் 4.70 ஆயிடும். எல்லைக்குப் பக்கத்துல இருக்கீங்கன்னா, ரீடிங் எடுக்கிற வாரத்துல மீட்டரை ஒரு தடவை எட்டிப் பாருங்க. ஆபீஸ்ல சார்ஜிங் வசதி இருந்தா அந்த வாரம் அங்க போட்டுக்கோங்க.

சரி, 8.62-ம் அதிகமா? லிட்டருக்கு 17 கிலோமீட்டர் கொடுக்கிற பெட்ரோல் கார், பெட்ரோல் 100 ரூபாய்னு வச்சா, அதே 4,400 கிலோமீட்டருக்கு சுமார் 25,900 ஆகும். மேல் ஸ்லாப் கட்டியும் ரெண்டு மாசத்துல 20,000-க்கு மேல மிச்சம். வீட்டில பாயின்ட் போடாம, யூனிட் 20 ரூபாய் பக்கம் வாங்குற பப்ளிக் ஃபாஸ்ட் சார்ஜரையே நம்பினா, 630 யூனிட்டுக்கு 12,600. வீட்டுல போடுறதைவிட 7,000 கூடுதல். அந்தக் கணக்குல என் 13,400 நாலு மாசத்துல திரும்பிடுச்சு. 7.2 பெட்டி வாங்கியிருந்தாலும் இதே மிச்சம்தான் வந்திருக்கும், ஒரு பைசா கூடியிருக்காது. யூனிட் ரேட் ஒண்ணுதானே.

கணக்கு இன்னும் குறையணும்னா சொந்த வீட்டுக்காரங்க கூரை சோலாரைப் பாருங்க. 2024-ல வந்த பி.எம். சூர்ய கர் திட்டத்துல 3 கிலோவாட்டுக்கு மானியம் 78,000 ரூபாய். நல்ல வெயில் விழுற கூரையில 3 கிலோவாட் ஒரு நாளைக்கு சுமார் 12 யூனிட் தரும். அது முதல்ல வெட்டுறது உங்க மேல் ஸ்லாப் யூனிட்டைத்தான்.

வருமான வரி பக்கம் எதிர்பார்ப்பு வேணாம். இ.வி. லோன் வட்டிக்கு ஒண்ணரை லட்சம் வரை கழிவு கொடுத்த 80இஇபி பிரிவு, 2019 ஏப்ரல் 1 முதல் 2023 மார்ச் 31 வரை சாங்ஷன் ஆன லோனுக்கு மட்டும்தான். இப்போ லோன் எடுக்கறவங்ககிட்ட யாராவது இதைச் சொல்லி வித்தா, நம்பாதீங்க.

வாடகை வீட்டில இருக்கீங்களா?

முதல்ல ஓனர்கிட்ட பேசுங்க, அட்வான்ஸ் கொடுக்கிறதுக்கு முன்னாடியே. உங்களுக்குத் தனி மீட்டர் இருந்தா வேலை சுலபம். இல்லன்னா கார் லைனுக்கு ஒரு சப் மீட்டர் போட்டு, யூனிட்டுக்கு என்ன ரேட்னு முதல்லயே எழுதி வச்சுக்கோங்க. மேல பார்த்தீங்களே, கார் ஓனரோட பில்லை மேல் ஸ்லாப்புக்குத் தள்ளும். அந்த வித்தியாசம் யார் தலையிலனு பேசாம விட்டா மூணாவது பில்லில் சண்டை வரும். வீடு மாறும்போது ஒயரையும் எர்த்தையும் விட்டுட்டுத்தான் வரணும், அதனால சின்னச் செலவோட நிறுத்துறதே புத்திசாலித்தனம்.

கடைசியா, இந்த வரிசையில போங்க

1. உங்க வேரியன்ட்டோட ஆன்போர்டு சார்ஜர் எத்தனை கிலோவாட்னு பாருங்க.
2. தினசரி கிலோமீட்டரை 7-ஆல வகுங்க, வர்ற யூனிட்டை 3-ஆல வகுங்க. கார் வீட்டில நிக்கிற நேரத்தைவிடக் குறைவா வந்தா 15 ஆம்ப் பாயின்ட் போதும்.
3. இ.பி. பில்லில் லோடையும் கடைசி மூணு ரீடிங்கையும் பாருங்க.
4. தனி லைன், ஆர்.சி.பி.ஓ., நல்ல சாக்கெட், எர்த். இந்த நாலுல எதையும் குறைக்காதீங்க.
5. கார் டெலிவரிக்கு ஒரு வாரம் முன்னாடியே வேலையை முடிச்சுடுங்க. கார் வந்து நின்னுட்டா, என்னை மாதிரி கிடைச்ச சாக்கெட்ல சொருகத் தோணும்.

58,000-க்கும் 13,400-க்கும் உள்ள வித்தியாசம் 44,600. அதை நான் எமர்ஜென்சி ஃபண்டில் போட்டேன். உருகின அந்தப் பழைய சாக்கெட்டைத் தூக்கிப் போடல, மேசை டிராயர்ல வச்சிருக்கேன். அடுத்த வீடியோவில் காட்டறேன். உங்க தூரம், வேரியன்ட், கடைசி இ.பி. ரீடிங் மூணையும் கமென்ட்ல போடுங்க, சேர்ந்து கணக்குப் போட்டுப் பார்ப்போம்.